சிகினின் கிண்ணம்

கோஸ்ஃபோர்த் புனித மேரி தேவாலயத்துக்கு நாங்கள் போனது கும்பிட அல்ல. அப்பா இங்கிலாந்தின் கம்ப்ரியாவில் ஆஸ்பத்திரி டாக்டர். ஞாயிற்றுக்கிழமை வாஸ்ட்வாட்டர் ஏரிக்குக் கிளம்பினால் வழியில் அந்த ஊர். மழை பிடித்தால் (அங்கே எப்போது பிடிக்காமல் இருந்தது?) கல்லறைத் தோட்டத்தோடு பயணம் முடிந்துவிடும்.

கல்லறைகளுக்கு நடுவே அந்தச் சிலுவை மட்டும் உயர்ந்து நிற்கும். செம்மணற்கல், 4.4 மீட்டர் உயரத்துக்கு நம்ப முடியாத ஒல்லி. நட்டுவைத்த உலக்கைபோல அடி உருண்டை, மேலே நாலு பட்டை, உச்சியில் சின்னச் சிலுவைத் தலை. 10ஆம் நூற்றாண்டின் முற்பாதி வேலை. குடியேறிய வைக்கிங்குகள் ஏசுவிடம் வந்துகொண்டிருந்த காலம். கிழக்குப் பக்கம் ஏசு கைகளை விரித்து நிற்கிறார், பின்னால் சிலுவையே இல்லை. அவருக்கு மேலேயே ஓநாயின் வாயைக் காலால் மிதித்துக் கிழிக்கிறான் நார்ஸ் சாமி விதார். புதிய சாமி வென்றதைக் காட்டவா, பழைய சாமிகளை விட மனமில்லாமலா? ஆராய்ச்சியாளர்கள் பலவிதமாகச் சொல்கிறார்கள். என் சாய்வு இரண்டாவதில்.

மேற்குப் பக்கம்தான் என்னுடையது. வெயில் சாய்வாக விழுந்தால் கோடுகள் எழும்பிவரும். மழை நாளில் அப்பா தோளில் ஏறித்தான் தேட வேண்டும். கட்டுண்டு கிடக்கிறான் நார்ஸ் கதைகளின் தந்திரக்காரன் லோகி. மேலே பாம்பு, சொட்டும் விஷம். மனைவி சிகின் அதைக் கிண்ணத்தில் ஏந்துகிறாள். நிரம்பியதைக் கொட்ட அவள் நகர்ந்ததும் விஷம் அவன் முகத்தில் விழும், துடிப்பான், அதுதான் பூகம்பம்.

"இன்னொரு கிண்ணம் வெச்சுக்கலாம்ல?" என்று கேட்டேன். அப்பா யோசித்தார். அம்மா யோசிக்கவில்லை. "அதைப் பிடிக்க இன்னொரு ஆள் வேணுமே. அந்த வீட்டுல வேற யாரு இருக்கா?"

சிலுவையில் இருப்பவை நார்ஸ் புராணக் காட்சிகள் என்று 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எடுத்துச் சொன்னவர்கள் கால்வர்லி என்ற பாதிரியாரும் பார்க்கர் என்ற டாக்டரும். பார்க்கர் 1896இல் புத்தகமே போட்டார். அவர் டாக்டர் என்பதில் அப்பாவுக்குத் தனிப் பெருமை.

மழை வலுத்தால் உள்ளே ஓடுவோம். அங்கே ஒரு கல்லில், இடிச் சாமி தோர் தூண்டிலில் மாட்டுத் தலையைக் கோத்து, உலகைச் சுற்றிக் கிடக்கும் பாம்புக்காகப் படகில் காத்திருக்கிறார். பாம்பு சிக்கியதும் கூட இருந்த ராட்சதன் பயந்துபோய்க் கயிற்றை அறுத்துவிடுவான் என்பது கதை. அந்த இடம் வந்தாலே அப்பாவுக்குக் கோபம் வரும். தூத்துக்குடிக்காரர், சிக்கியதை விடுகிறவனை அவரால் மன்னிக்க முடியாது.