வலது கீழ் மூலை

கணபதியில், சத்தி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் சந்து ஒன்றில் அப்பாவின் லேத் பட்டறை இருந்தது. இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், மூன்று ஆட்கள். பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க். சிவகாசிக்காரர்கள் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷத்துக்கான காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். அது முடிந்து சில நாளில் ஏஜென்ட் ஒருத்தர் அந்த ஆல்பத்தோடு பட்டறைக்கு வருவார்.

அப்பா மெஷினை நிறுத்தி, கையைப் பனியன் வேஸ்ட்டில் துடைத்துக்கொண்டு உட்காருவார். பக்கம் பக்கமாகப் புரட்டுவார். முருகன், வெங்கடாசலபதி, சிரிக்கும் குழந்தை, அருவி. எப்படியும் முருகன்தான் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் எந்த முருகன் என்பதில் அரைமணி நேரம் போகும். வருஷத்துக்கு 200 காலண்டர்.

"ஏனுங்க, ஆளுகளுக்குக் கூலியே முழுசாக் குடுக்கல. இதுக்குப் போயி இத்தனை காசுங்களா?" என்பாள் அம்மா.

"அதொன்னும் போச்சாது. நம்ம பேரு ஒரு வருஷம் அவுங்க செவுத்துல இருக்கும் பாரு."

ஒரு தொழில் எதற்குப் படம் வாங்குகிறது என்பதற்கு நான் கேட்ட முதல் பதில் அது. பிறகு கேட்ட பெரிய பதில்கள் எதுவும் இதைவிட ரொம்ப தூரம் போய்விடவில்லை.

சி.ஏ. படிக்கும்போது ஆர்ட்டிகிள்ஷிப்பில் ஒரு பம்ப் கம்பெனிக்கு ஆடிட் போனோம். சொத்துப் பதிவேட்டில் உள்ள பொருள்களை நேரில் பார்த்து, ஒவ்வொன்றிலும் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை எனக்கு. நாற்காலி 46, மேசை 22, ஏ.சி. 9. நடுவில் 'பெயின்டிங் 1'. பர்னிச்சர் என்ற தலைப்பில் இருந்தது. வருஷம் 10 சதவீதம் தேய்மானம் போட்டுப் போட்டு, கணக்கில் அதன் மதிப்பு சில ஆயிரங்களுக்கு இறங்கியிருந்தது.

ரிசப்ஷனில் மாட்டியிருந்தது. செம்மண் காட்டில் ஒரு கிணறு. இரண்டு மாடுகள் கவலை இறைக்கின்றன. வடத்தின் மேல் உட்கார்ந்திருப்பவரின் முதுகு மட்டும் தெரிகிறது. பம்ப் விற்று வளர்ந்த கம்பெனி, பம்ப் வந்ததால் ஒழிந்துபோன கவலையைச் சுவரில் மாட்டியிருந்தது. "சேர்மன் வாங்கினதுங்க. வெளிநாட்டு பையர் வந்தா பாப்பாங்க" என்றார் மேனேஜர்.

மேசைக்கு ஒட்டுகிற மாதிரியே படத்துக்கும் வலது கீழ் மூலையில் ஸ்டிக்கரை ஒட்டினேன். பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, அங்க ஏதோ பேரு எழுதியிருந்துச்சுங்களே."

நகத்தால் கிளப்பிப் பார்த்தேன். பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிடும்போல் இருந்தது. "இருக்கட்டுங்க்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனேன். பதிவேட்டில் 'சரிபார்க்கப்பட்டது' என்று டிக் அடித்தேன். வரைந்தவர் பெயர் என்ன என்று மேனேஜருக்கும் தெரியவில்லை. தினமும் அதைத் துடைத்த அக்காவுக்கு மட்டும்தான் அங்கே ஒரு பெயர் இருந்தது தெரிந்திருந்தது.

அந்த டிக் மனதில் உறுத்தியதால்தான் கம்பெனிகள் ஏன் படம் வாங்குகின்றன என்று படிக்க ஆரம்பித்தேன். முதலில் ஏர் இந்தியா. 1956-ல் பம்பாயில் இளம் ஓவியர் பி. பிரபாவிடம் ஆறு படங்கள் வாங்கித் தொடங்கியது. ஒவ்வொன்றும் 87 ரூபாய் 50 பைசா என்று சொல்கிறார்கள். பிறகு ஹுசைன், கெய்டொண்டே என்று சேர்ந்தது. பல ஓவியர்களுக்குக் காசுக்குப் பதில் விமான டிக்கெட் கொடுத்தார்கள். காலியாகப் பறக்கும் சீட்டுக்கு ஒரு படம் என்றால் எந்த முதலாளிக்கும் நஷ்டமில்லை. வெளிநாடே பார்க்காத ஓவியருக்கும் நஷ்டமில்லை. 1967-ல் சால்வடார் டாலி அவர்களுக்கு ஒரு ஆஷ்ட்ரே வடிவமைத்துக் கொடுத்தார். கூலியாகக் கேட்டது யானைக்குட்டி. அதையும் விமானத்தில் ஏற்றி அனுப்பிவைத்தார்கள். புதிதாக விடுதலை பெற்ற ஒரு நாட்டின் விமானக் கம்பெனி, லண்டன், நியூயார்க் ஆபீஸ்களில் 'நாங்கள் இன்னார்' என்று சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. டிக்கெட்டால் அதைச் சொல்ல முடியாது. படத்தால் முடியும்.

சுவர்கள் மாறின, மேனேஜர்கள் மாறினார்கள், படங்கள் காணாமல் போக ஆரம்பித்தன. தான் ஏர் இந்தியாவுக்கு வரைந்து கொடுத்த படம் வெளியே விற்பனைக்கு வந்திருக்கிறது என்று 2017-ல் ஓவியர் ஜதின் தாஸ் புகார் செய்தார். 2022-ல் விமானங்கள் டாடாவிடம் திரும்பப் போயின. படங்கள் அரசிடமே நின்றன. சுமார் 4,000 பொருள்கள் கொண்ட அந்தச் சேகரிப்பு, 2023-ல் தேசிய நவீனக் கலைக்கூடத்துக்கு மாற்றப்பட்டது.

இன்னொரு பக்கம், படத்தையே தங்கம் மாதிரி வாங்கி வைப்பவர்கள். 2019 மார்ச்சில் மும்பையில் நீரவ் மோடியின் படங்களை வருமான வரித்துறை ஏலம் விட்டது. 50 கோடி ரூபாய்க்கு மேல் வந்தது. அதில் ரவி வர்மாவும் இருந்தார், கெய்டொண்டேவும் இருந்தார். வரைந்தவர் பெயர் யாருக்கும் மறக்காத இடம் அது, ஏனென்றால் அங்கே பெயருக்குத்தான் விலை.

நம்ம ஊரிலேயே வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. ஏர் இந்தியா படம் வாங்கத் தொடங்கிய அதே 1956-ல் கோவையில் பஞ்சாலைகளுக்காக சிட்ரா ஆரம்பித்தது. அதன் முதல் இயக்குநர் கஸ்தூரி சீனிவாசன் எழுத்தாளரும்கூட. அவர் பெயரில் அவினாசி ரோட்டில் ஒரு கலைக்கூடமும் ஜவுளி அருங்காட்சியகமும் இருக்கின்றன. ரிசப்ஷனில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதில்லை. மில் பணமும் மில் அறிவும் படத்துக்குப் போன இடம்தான் அதுவும். ஆனால் படத்தைப் பார்க்க என்றே அங்கே கதவு வைத்திருக்கிறார்கள். என் கணக்கில் வித்தியாசம் அவ்வளவுதான். பெருமைக்காக வாங்குவதில் தப்பில்லை, அப்பாவும் அதற்குத்தான் வாங்கினார். வாங்கின பிறகு அது யார் கண்ணில் படுகிறது, யார் பொறுப்பில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

கொரோனாவுக்குப் பிறகு அப்பா பட்டறையை மூடினார். லேத்துகளை விற்ற அன்று, இரண்டு பேரும் சந்து முனை டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். கல்லாவுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு முருகன். மாலை போட்டு, சின்ன பல்பு எரிந்துகொண்டிருந்தது.

அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "நம்ம காலண்டருதான். 2011-ல போட்டது."

அட்டையின் கீழ்ப்பகுதியை, பட்டறைப் பெயரும் போன் நம்பரும் இருந்த பட்டையை, கத்தரித்து எடுத்துவிட்டுச் சட்டம் போட்டிருந்தார் கடைக்காரர்.

"பேரை வெட்டிட்டாங்களேப்பா" என்றேன்.

"சாமிகூட லேத் பட்டறை பேரு எதுக்குடா? படம் நிக்குதுல்ல" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

நான் எழுந்து கல்லா அருகே போனேன். முருகனின் காலடியில், மயிலின் தோகை முடிகிற இடத்தில், வரைந்தவரின் கையெழுத்து சின்னதாக இருந்தது. சட்டத்தின் விளிம்பு பாதியை மறைத்திருந்தது. தலையைச் சாய்த்துப் படிக்கப் பார்த்தேன். ஐந்தாறு எழுத்துக்கு மேல் தெரியவில்லை.

"என்ன தம்பி, பாக்கி எதாச்சும் இருக்குங்களா?" என்றார் கடைக்காரர்.