செல் போடும் கை

பெங்களூரில், புற்றுநோய்க்கு மருந்து தேடும் ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போயிருந்தேன். நுண்ணோக்கி அறை இருட்டாக இருந்தது. ஒளிரும் சாயம் ஏற்றிய செல்கள் வெளிச்சம் பட்டால் மங்கிவிடும்.

உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய பிளாஸ்டிக் பிளேட்டில் 384 குழிகள். குழிக்கு 9 இடம், இடத்துக்கு 3 நிறம் என்று படமெடுத்தால் ஒரு பிளேட்டுக்கே 10,368 படங்கள். முன்பெல்லாம் லென்ஸில் கண்ணை வைத்து ஆளே செல்களை எண்ண வேண்டும். காலையில் எண்ணியதும் கண் சோர்ந்தபின் எண்ணியதும் ஒத்துவராது. இப்போது மோட்டார் பிளேட்டை நகர்த்துகிறது. பிளேட்டின் அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் அகச்சிவப்பு ஒளியை வைத்துக் கருவியே ஃபோகஸ் செய்துகொள்கிறது. கேமராவையும் மோட்டாரையும் இயக்குவது மைக்ரோ-மேனேஜர் என்ற மென்பொருள். அது அமெரிக்காவில் உயிரியலாளர் ரான் வேலின் ஆய்வகத்தில் பிறந்தது. படத்தில் செல்களைப் பிரித்து எண்ணுவது ஆய்வாளர் ஆன் கார்ப்பென்டர் குழுவின் செல்புரொஃபைலர் மென்பொருள். இரண்டும் இலவசம். கையில் காசு குறைந்த ஆய்வகங்களுக்கு இது பெரிய உபகாரம்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது பக்கத்து அறை. ஓசூரிலிருந்து வந்து போகும் தொழில்நுட்ப உதவியாளர் ஒருவர் அங்கே பிளேட்டில் செல் போட்டுக்கொண்டிருந்தார். பல முனைப் பிப்பெட்டின் நுனிகளைக் குழிச் சுவரில் லேசாகச் சாய்த்து, குமிழி வராமல் மெல்ல இறக்குகிறார். குமிழி இருந்தால் படம் கெட்டுவிடும்.

“சுத்திக் கலக்கக் கூடாது சார், செல் எல்லாம் நடுவுல குவிஞ்சிடும்” என்றார். போட்டு முடித்ததும் 37 டிகிரி இன்குபேட்டருக்குள் உடனே வைக்கவில்லை. செல்கள் அடியில் படியட்டும் என்று மேசைமேலேயே கொஞ்ச நேரம் விட்டார். அவசரப்பட்டுச் சூட்டில் வைத்தால் ஓரக் குழிகளில் செல்கள் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுமாம். ஓரத்தில் நீர் ஆவியாவதும் அதிகம். அதனால் அந்த வரிசைகளில் மருந்தே போடுவதில்லை.

முந்தைய பிளேட்டின் கணக்கைத் திரையில் பார்த்தோம். ஒரு குழியில் மட்டும் உட்கரு பூதாகரமாகப் பதிவாகியிருந்தது. ஆராய்ச்சி மாணவர் ஆவலாக நாற்காலியை இழுத்துப் போட்டார். உதவியாளர் படத்தைத் திறந்த உடனே சொல்லிவிட்டார்: “செல் இல்ல சார், நூல்.” மேலங்கியிலிருந்து உதிர்ந்த பஞ்சிழை. சலவைத்தூளில் துணியை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் பொருள் நீலமாக ஒளிரும். உட்கருச் சாயமும் அதே நீலம். மென்பொருள் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டது.

தானியங்கி முறை வரட்டும், வரவேண்டும். கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் வேலையிலிருந்து அது மனிதரை விடுவிக்கிறது. ஆனால் அந்தப் பத்தாயிரம் படங்களும் நம்பத் தக்கவையாக இருப்பது இந்த உதவியாளரின் கையால்தான். அவருக்கோ ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. ஆய்வுக்கட்டுரைகளில் பெயர் கிடையாது. ஆராய்ச்சிக் குழுக்களை நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள்: செல் போட்டவரின் பெயரையும் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் சேருங்கள்.