எதிராளியின் பாடம்

ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், பின்பாட்டு, மிருதங்கம், ஆல்ரவுண்ட். ஸ்பெஷல் நாடகத்துக்கு வர ஆசைப்படும் பிள்ளைகள் முதலில் மனப்பாடம் செய்வது இதைத்தான். ஆளுக்கொரு பார்ட் பிடித்துக்கொண்டு அதற்கான பாட்டையும் வசனத்தையும் உருப்போடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் தன் பாடம் மட்டும் தெரிந்தவருக்கு நாடகம் இன்னும் தெரியாது. ஆர்மோனியத்துக்குப் பின்னால் உட்கார்ந்தே வயது போன பின்பாட்டுக்காரன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா வரும். அதையொட்டிச் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர்ப் பக்கமெல்லாம் ஊர் ஊராகப் பொங்கல் சாட்டுவார்கள். அங்கே நடக்கும் நாடகங்களுக்கு ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் மதுரையிலிருந்து, பபூன் திண்டுக்கல்லிலிருந்து. அரிதாரம் பூசும் இடத்தில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். “அண்ணே, தர்க்கத்தை எங்கிருந்து எடுக்கிறீங்க?” என்று ஒரு கேள்வி, அதற்கு ஒரு பதில். அதற்குமேல் பேச்சில்லை. இரவு பத்து மணிக்கு மேல் ஏறினால் விடியக்காலை மங்களம் பாடித்தான் இறங்குவோம்.

இது சாத்தியமாவது சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுவைத்த பாடத்தால். 1867இல் பிறந்து 1922இல் மறைந்தவர். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிச் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் அவரிடம் பயின்றவர்கள்தான். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று எதை எடுத்தாலும் கதையைப் பாட்டுக்குள் வைத்துப் பூட்டியிருப்பார். எந்தப் பாட்டுக்கு எது பதில் என்று தெரிந்த இருவர், முன்பின் பார்க்காதவர்களானாலும், ஒரு ராத்திரியை ஓட்டிவிடலாம்.

என் வாத்தியார் ஆரம்பத்தில் என்னை ஆர்மோனியப் பெட்டியைத் தொட விடவில்லை. ஒரு கோடு போட்ட நோட்டை வாங்கிவரச் சொல்லி, வள்ளி, நாரதர், வேலன் மூவரின் பாடத்தையும் எழுத வைத்தார். “விரல் பிறகு வரும், முதல்ல காது வரட்டும்” என்பார். வாசிக்கும்போது அவர் கண் பெட்டியில் இருக்காது, நடிகரின் வாயில் இருக்கும். வசனத்தின் கடைசிச் சொல் விழும் முன்பே அடுத்த பாட்டின் எடுப்பு அவர் விரலில் நிற்கும்.

கல்லூரியில் நாடகம் படிப்பவர்கள் கதைக்கோப்பு, பாத்திரம், முரண், உச்சம் என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். முரண் என்ன என்பதற்கு நான் காட்டுவது தர்க்கம்தான். பபூனும் டான்ஸும் காமிக் முடித்துக் கூட்டத்தை உட்கார வைத்த பிறகு, வள்ளி தினைப்புனத்தில் ஆலோலம் பாடுவாள். நாரதர் வந்து வாதாடிப் போவார். அப்புறம் வேலன் வேடன் உருவில் வருவார். யார், எந்த ஊர், இங்கே என்ன வேலை என்று அவள் கேட்பாள். அவர் சொல்லாமல் சுற்றிச் சுற்றிப் பதில் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லாமையில்தான் காட்சியே நிற்கிறது.

உத்தமபாளையம் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு புது ராஜபார்ட். நல்ல சாரீரம். ஊர் கைதட்டிய வேகத்தில், வள்ளி கேட்ட முதல் கேள்விக்கே “நான்தான் முருகன்” என்று சொல்லிவிட்டார். ஒரு மணி நேரத் தர்க்கம் அந்த ஒரு சொல்லில் முடியப் பார்த்தது. அன்றைக்கு வள்ளி வேடம் கட்டியவர் மேடையில் ஊறியவர். கவணைத் தோளில் மாட்டிக்கொண்டு, “எங்க ஊரில் வீட்டுக்கு ஒரு முருகன் உண்டு, நீ எந்த வீட்டு முருகன்?” என்றார். கொட்டகை சிரித்தது, கேள்வி பழைய இடத்துக்கு வந்தது. அவர் என் பக்கம் லேசாகத் தலையைத் திருப்பினார், நான் சுருதியைக் கொடுத்தேன், பாட்டை எடுத்துவிட்டார். உள்ளே போனதும் அந்தப் பையனிடம், “தம்பி, உன் பாடத்தை நல்லாப் படிச்சிருக்கே. என் பாடத்தையும் ஒரு தடவை படிச்சிரு” என்றார்.

தர்க்கத்தில் இன்னொரு சங்கடம், பாடுபவரின் சுருதிக் கட்டை. ராஜபார்ட் 2 கட்டை, ஸ்திரீபார்ட் அம்மா 5 கட்டை என்று வையுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் சுருதி மாற்றினால் விறுவிறுப்புக் குறையும். அவருடைய ஷட்ஜம் அம்மாவுக்குப் பஞ்சமம், அம்மாவின் ஷட்ஜம் அவருக்கு மத்திமம். அந்த இரண்டு கட்டைகளையும் விடாமல் பிடித்துக்கொண்டால் இருவரும் அவரவர் இடத்திலேயே பாடலாம், கேட்பவர் காதிலும் இடறாது. விருத்தம் வேறு வகை. அதில் தாளம் இல்லை, மிருதங்கம் கை கட்டி உட்கார்ந்திருக்கும். பாடுபவர் மூச்சு விடும் இடத்தில் மட்டும் பெட்டி பேச வேண்டும். பிர்கா தெரியும் என்பதற்காக அங்கே நாம் விரலைக் காட்டினால் மயான காண்டத்துச் சந்திரமதியின் முகாரி அழுகை செத்துப்போகும்.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் மேல்காற்றையும் கணக்கில் வைக்க வேண்டும். ஆனி, ஆடியில் கம்பம் கணவாய் வழியாக அது இறங்கும்போது தர்பார் சீன் படுதா நடிகர் முதுகில் அடிக்கும். மைக்கில் இரைச்சல்தான் கேட்கும். கூடவே சாரல் விழுந்தால் பெட்டியின் கட்டைகள் உப்பி, அமுக்கியது எழும்பாமல் ஊளையிடும். பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள், பலகை போட்டு வையுங்கள். வாசிக்காத நேரத்தில் கம்பளியால் மூடுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வைத்தால் மரம் வெடித்துவிடும்.

இந்தப் பள்ளத்தாக்குக்குப் பெட்டியின் சத்தம் நன்றாகத் தெரியும். பண்ணைப்புரத்துப் பாடகர் பாவலர் வரதராசன் 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் மலைத்தோட்டத் தொழிலாளர் நடுவே பாடிய நாட்களைப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். சுருதி பிசகினால் முன்வரிசைப் பாட்டி பாக்கு இடிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

கற்றுக்கொள்ள வருகிறவர்கள் வள்ளி திருமணத்தில் தொடங்குங்கள். மயான காண்டத்துக்கு அவசரம் வேண்டாம், குரல் கொஞ்சம் முதிரட்டும். என்னிடம் வரும் பிள்ளைகளின் நோட்டை வாங்கி முதலில் எதிராளியின் பக்கங்களைத்தான் பார்க்கிறேன். வேலன் வேடத்துக்கு வந்தவர் வள்ளியின் பாடத்தையும் எழுதியிருந்தால், என்ன கட்டை என்று கேட்டுவிட்டுப் பெட்டியைத் திறப்பேன். இல்லையென்றால் பேனாவைக் கொடுத்து எழுதச் சொல்வேன்.