மத்தியானம் ரூமுக்கு வர முடியுமா?

வெளிநாட்டுச் சுற்றுலா கிளம்புகிறவர்கள் விமான டிக்கெட்டுக்காக ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். எதையெல்லாம் பார்ப்பது என்று இன்னொரு மாதம் பட்டியல் போடுவார்கள். தங்கும் இடத்துக்கு மட்டும் அரை மணி நேரம்தான். 'தூங்கத்தானே போறோம், எங்கே இருந்தா என்ன' என்பது இதில் பொதுவான தத்துவம். பாரிஸ் போன ஒரு அம்மாவும் மகனும் முதலில் இந்தத் தத்துவத்தோடுதான் ஆரம்பித்தார்கள்.

அம்மா ஓய்வு பெற்ற ஆசிரியை. இரண்டு முழங்காலிலும் வலி உண்டு. மகன் வேலைக்குப் போய் மூன்று வருடம் சேர்த்த பணம். 2025 ஜூன் கடைசியில் ஐந்து இரவு பாரிஸில் தங்குவதாகத் திட்டம். மகன் எக்செல் ஷீட் போடாமல் எதையும் செய்கிற ஆள் இல்லை. ஒரு பக்கம் விமான நிலையத்தை ஒட்டிய ஹோட்டல், இரவுக்கு 70 யூரோ. இன்னொரு பக்கம் நகருக்குள்ளே சின்ன ஹோட்டல், இரவுக்கு 120 யூரோ. வித்தியாசம் 50, ஐந்து இரவுக்கு 250 யூரோ. முடிவே எடுத்தாகிவிட்டது என்ற சந்தோஷத்தில் அம்மாவிடம் காட்டினான். அம்மா ஷீட்டைப் பார்க்கவே இல்லை. "மத்தியானம் ரூமுக்கு வந்து ஒரு மணி நேரம் படுத்துட்டுப் போக முடியுமாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

ஷீட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

பாரிஸில் ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது உண்மையில் ரொம்ப சுலபம். ஹோட்டல் பெயரில் பாரிஸ் என்று இருப்பதை நம்பக் கூடாது, தபால் குறியீட்டைப் பார்க்க வேண்டும். 75 என்று ஆரம்பித்தால் பாரிஸ் நகரம். 92, 93, 94 என்றால் ஒட்டியுள்ள புறநகர். அந்த 70 யூரோ ஹோட்டலின் பெயரில் பாரிஸ் இருந்தது, குறியீடோ 95700. அது ருவாசி என்கிற தனி ஊர். சார்ல் த கோல் விமான நிலையத்தின் பக்கத்தில் இருக்கிறது.

75-க்குள் வந்தால் கடைசி இரண்டு எண்கள் வட்டாரத்தைச் சொல்லிவிடும். 75001 என்றால் முதல் வட்டாரம், 75010 என்றால் பத்தாவது. மொத்தம் 20. நடுவில் லூவர் பக்கம் ஆரம்பித்து கடிகார முள் சுற்றும் திசையில் நத்தை ஓடு போலச் சுருண்டு வெளியே போகும். 1860-ல் சுற்றியிருந்த ஊர்களை நகரத்தோடு சேர்த்தபோது வந்த ஏற்பாடு இது. அதனால் எண் கூடக் கூட நடுவிலிருந்து தள்ளிப் போகிறோம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். தோராயமாகத்தான்! நகரமே குறுக்கே சுமார் 10 கிலோமீட்டர்தான் என்பதால் இருபதாவது வட்டாரம்கூட அப்படியொன்றும் தொலைவில் இல்லை.

மகன் ஷீட்டைத் திருத்த உட்கார்ந்தான். 2025 ஜனவரியில் பாரிஸ் வட்டாரத்தில் டிக்கெட் முறை மாறியது. மெட்ரோவுக்கும் புறநகர் ரயிலுக்கும் எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், அந்த வருடம் இரண்டரை யூரோ. முன்பெல்லாம் தள்ளித் தங்கினால் டிக்கெட் விலையும் ஏறும், இப்போது ஏறாது. இதைப் படித்துவிட்டுத்தான் அவன் விமான நிலைய ஹோட்டலைத் தேர்ந்தெடுத்திருந்தான். ஆனால் அந்த இரண்டரை யூரோ விமான நிலையங்களுக்குச் செல்லாது என்ற வரியைப் படிக்காமல் விட்டுவிட்டான். விமான நிலைய ஸ்டேஷனில் ஏறினாலும் இறங்கினாலும் தனி டிக்கெட், அந்த வருடம் 13 யூரோ. விமானத்தைப் பிடிக்கிறவரா பக்கத்து ஹோட்டலில் தூங்குகிறவரா என்று எந்திரம் கேட்காது.

ஐந்து இரவு என்றால் நடுவில் முழுதாக நான்கு பகல். இரண்டு பேர், போக வர, நாளைக்கு 52 யூரோ, நான்கு நாளைக்கு 208. அறை வாடகை 350. கூட்டினால் 558. நகருக்குள் என்றால் வாடகை 600, வந்த அன்றும் கிளம்பும் அன்றும் விமான நிலைய டிக்கெட் 52, தினமும் போக வர மெட்ரோவுக்கு நான்கு நாளைக்கு 40. கூட்டினால் 692. நகருக்குள் சுற்றுகிற மற்ற செலவு இரண்டுக்கும் பொது. ஆக 250 என்று நினைத்த வித்தியாசம் 134-ஆகச் சுருங்கிவிட்டது. ஒரு இரவுக்கு சுமார் 27 யூரோ. நேர்மையாகச் சொன்னால் வெளியே தங்குவதுதான் அப்போதும் மலிவு. (திங்கள்கிழமை போய் இறங்குகிறவர்களுக்கு இன்னும் மலிவு. 'நவிகோ' வார பாஸ் 2025-ல் 31.60 யூரோ, அட்டைக்கு 5 யூரோ தனி, விமான நிலையமும் அதில் அடக்கம். ஆனால் அது திங்கள் முதல் ஞாயிறு வரைதான். இவர்கள் போனது வியாழக்கிழமை!)

அந்த 27 யூரோவுக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. வணிகவியல் மாணவர்கள் வாய்ப்புச் செலவு என்று பரீட்சையில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு மறந்துபோகிற விஷயம் இங்கே வருகிறது. ருவாசியிலிருந்து ரயிலில் நகரின் வடக்கு ஸ்டேஷனான 'கார் து நோர்' வரவே அரை மணிக்கு மேல். அறையிலிருந்து கணக்கிட்டால் ஒரு மணி நேரம். நகருக்குள் தங்கினால் இருபது நிமிடம். நாளைக்கு 80 நிமிடம், நான்கு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ரயிலில் போகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மத்தியானம் திரும்பி வந்து படுப்பது என்பது மட்டும் நடக்கவே நடக்காது. காலையில் கிளம்பினால் இரவு வரை காலில்தான் நிற்க வேண்டும்.

ஜூன் கடைசியில் பாரிஸில் சூரியன் மறைய இரவு 10 மணி ஆகிவிடும். ஈஃபில் கோபுரத்தின் விளக்குகள் இருட்டிய பிறகு ஒவ்வொரு மணி ஆரம்பத்திலும் ஐந்து நிமிடம் மின்னும். அதைப் பார்க்க 11 மணி. அதற்கப்புறம் புறநகர் ரயிலைப் பிடித்து, முழங்கால் வலியோடு ஒரு அம்மா ருவாசிக்குப் போக வேண்டும். காலை ஒன்பதிலிருந்து நின்றவர் 11 மணி வரை இருக்கவே மாட்டார், எட்டு மணிக்கே "போதும்பா, போலாம்" என்று சொல்லிவிடுவார். சமையலறை காலண்டரில் வருடக்கணக்கில் பார்த்த கோபுரத்தை விளக்கோடு பார்க்காமலே திரும்புவார்.

அப்படியானால் கோபுரத்தின் காலடியிலேயே தங்கிவிடலாமே என்று தோன்றும். ஏழாவது வட்டாரம். அழகான இடம்தான், வாடகையும் அதற்கேற்ற மாதிரி. ஜன்னலில் கோபுரம் தெரிந்தால் அதற்குத் தனி விலை. சாயங்காலத்துக்கு மேல் சிக்கனமாகச் சாப்பிட இடம் தேடி அலைய வேண்டும். பணம் பொருட்டில்லை என்பவர்களுக்குச் சரி. மோன்மார்த்ர் குன்றின் மேல் அறை எடுக்கிறவர்கள் தினமும் படியேறத் தயாராக இருக்க வேண்டும். முழங்கால் உள்ளவர்களுக்கு, அதாவது வலிக்கிற முழங்கால் உள்ளவர்களுக்கு, அது வேண்டாம்.

படி என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று. பாரிஸ் மெட்ரோ 1900-ல் ஆரம்பித்தது. பழைய ஸ்டேஷன்கள் பெரும்பாலானவற்றில் லிஃப்ட் கிடையாது. முழுக்க லிஃப்ட் வசதி உள்ள மெட்ரோ பாதை 14-ஆம் எண் பாதை மட்டும்தான். ஷாத்லே மாதிரி பெரிய சந்திப்புகளில் பாதை மாறுவது என்றால் சுரங்கத்துக்குள்ளேயே நெடுந்தூரம் நடக்க வேண்டும். வரைபடத்தில் ஒரு புள்ளியாகத்தான் தெரியும்! நகரப் பேருந்துகள் தாழ்தளம், சரிவுப் பலகை உண்டு. வயதானவர்களோடு போகிறவர்கள் ஹோட்டல் வாசலில் எந்த பஸ் நிற்கிறது என்று பார்ப்பது மெட்ரோவைப் பார்ப்பதைவிட முக்கியம். ஹோட்டலிலும் லிஃப்ட் இருக்கிறதா என்று எழுதிக் கேட்டுவிட வேண்டும். பழைய கட்டிடங்களில் ஆறாவது மாடி வரை மரப்படி மட்டுமே இருப்பது சகஜம். அந்த உச்சி மாடி அறைகள் அந்தக் காலத்தில் வேலைக்காரப் பெண்களுக்காகக் கட்டப்பட்டவை. இன்று அவற்றில் சிலவற்றை 'பாரிஸ் கூரைகளின் காட்சி' என்று விளம்பரம் செய்கிறார்கள்.

அம்மா சமைத்துச் சாப்பிடலாம் என்று வீடு வாடகைக்கு எடுக்கும் யோசனையும் வந்தது. பாரிஸில் குறுகிய கால வாடகைக்கு விடும் வீட்டின் விளம்பரத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டை வருடத்துக்கு 120 நாள் விடலாம் என்றிருந்ததை 2025-லிருந்து 90 நாளாகக் குறைத்துவிட்டார்கள். சுற்றுலாக்காரர்களுக்கு விட்டால் லாபம் என்று எல்லா வீடும் போய்விட்டால், அந்த ஊரில் வேலை பார்க்கிறவர்கள் எங்கே குடியிருப்பது? மகன் பார்த்த மலிவான வீட்டில் எண்ணே இல்லை. விட்டுவிட்டான். விட்டதுதான் சரி.

இதற்கு நடுவில் விசா. ஷெங்கன் விசாவுக்கு எல்லா இரவும் எங்கே தங்குகிறோம் என்று ஆதாரம் காட்ட வேண்டும். அதாவது போக முடியுமா என்று தெரியும் முன்பே அறை எடுத்தாக வேண்டும். கட்டணம் 90 யூரோ, மறுத்தால் திரும்ப வராது. ரத்து செய்ய முடியாத அறை கொஞ்சம் மலிவாக இருக்கும், ஆசை காட்டும். விசா கையில் வரும் வரை அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

கடைசியில் பத்தாவது வட்டாரத்தில், கார் து நோர் ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிட நடையில், லிஃப்ட் உள்ள ஒரு இரண்டு நட்சத்திர ஹோட்டல் முடிவானது. அழகான பகுதி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கூட்டம், சத்தம், பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் விமான நிலையத்திலிருந்து ஒரே ரயில், மாற வேண்டாம். அதே ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன் சான் மிஷேல், எதிரே 2024 டிசம்பரில் மறுபடி திறந்த நோத்ர் தாம். லூவருக்கும் சுலபம். பக்கத்தில் நடந்தால் லாச்சப்பல் (அங்குள்ள ஈழத்தமிழர்கள் சொல்லும் பெயர் இதுதான்). எண்பதுகளிலிருந்து வந்து சேர்ந்தவர்களின் கடைகள், கொத்து ரொட்டி, சோறு, தமிழில் பெயர்ப்பலகை. 1985-ல் ஆரம்பித்த மாணிக்க விநாயகர் ஆலயமும் அங்கேதான். பாரிஸ் போய் தோசை தின்னணுமா என்று கேட்பவர்கள், நான்கு நாள் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிடுகிற வயதானவர்களைப் பார்த்ததில்லை.

அறை சின்னது. இரண்டு பெட்டியைத் திறந்தால் நடக்க இடமில்லை. பிரான்சில் நட்சத்திரம் என்பது வசதிகளின் கணக்கு, இரண்டு நட்சத்திரத்துக்கு இருவர் அறை 9 சதுர மீட்டர் இருந்தாலே போதும். ஆளுக்கு, இரவுக்கு என்று சுற்றுலா வரி தனியாகக் கட்டச் சொன்னார்கள், ஷீட்டில் அதுவும் விட்டுப்போயிருந்தது. லிஃப்டில் அம்மாவும் ஒரு பெட்டியும்தான் நிற்க முடிந்தது, மகன் படியேறி வந்தான்.

மூன்றாவது நாள், சனிக்கிழமை, காலையில் லூவரில் மூன்று மணி நேரம். ஒன்றரை மணிக்கு அறைக்கு வந்து அம்மா நாலரை வரை தூங்கினார். ஆறு மணிக்கு சான் மார்த்தான் கால்வாய் ஓரம் நடை, லாச்சப்பலில் சாப்பாடு. பிறகு 2-ஆம் எண் மெட்ரோவில் ஏறி, எத்துவால் ஸ்டேஷனில் 6-க்கு மாறி, ட்ரொக்கதேரோ. 11 மணிக்கு விளக்கு மின்னியபோது அம்மா முன் வரிசையில் நின்றிருந்தார். திரும்பும்போது அவசரப்படவும் தேவையிருக்கவில்லை. சனிக்கிழமைகளில் மெட்ரோ விடிகாலை இரண்டு மணி வரை ஓடும்.