கடன் தீர்க்க ஒரு கொம்பனி

கடன் பட்ட கதை எமது ஊரில் யாரைக் கேட்டாலும் ஒன்றல்ல, ஒன்பது சொல்வர். ஆனால் கடனைத் தீர்த்துக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட கொம்பனிகளும் உலகில் உண்டு என்பதை நாம் 2025 ஆம் ஆண்டுக் கோடையிலேதான் அறிந்துகொண்டோம். அதுவும் ரொறன்ரோ மாநகரின் கிழக்குப் பகுதியாகிய ஸ்காபரோவில், மருமகன் வீட்டுச் சமையலறை மேசையில்.

மருமகன் எம் தமக்கையின் மகன். பண்டகசாலை ஒன்றில் வேலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம். அன்றிரவு அவன் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். அவன் ஒரு பத்திரத்தைக் கொண்டுவந்து எம் முன் வைத்து, "மாமா, இதிலே கையெழுத்து வைக்கலாமோ? ஒருக்கால் பாருங்கோ" என்றான். குரல் தாழ்ந்திருந்தது. அடுத்த அறையில் மகள் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நாட்டிலே சம்பள நாட் கடன் என்று ஒன்று உண்டு. பலசரக்குக் கடைக்கும் முடிதிருத்தும் நிலையத்துக்கும் நடுவே பளிச்சென்ற பலகையுடன் அக்கடைகள் இருக்கும். சம்பளச் சீட்டைக் காட்டினாற் போதும். ஈடு வேண்டாம், பிணை வேண்டாம், சிறிது நேரத்தில் 500 டொலர் கையில் வந்துவிடும். அடுத்த சம்பள நாளில் 570 டொலராகத் திருப்பிக் கொடுக்கவேண்டும். நூறு டொலருக்கு 14 டொலர் கட்டணம்; 2025 ஜனவரி 1 முதல் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு இதுவே. பதினான்கு டொலர்தானே என்று தோன்றும். ஆனால் அது இரண்டு வாரத்துக்குரிய கட்டணம். ஆண்டுக் கணக்கிற் பார்த்தால் நூற்றுக்கு 365 வீதம்! அதே நாள் முதல் சாதாரணக் கடன்களுக்கு ஆண்டுக்கு 35 வீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது கனடாவிற் குற்றம். சம்பள நாட் கடனுக்கு மட்டும் 2007 இலேயே தனி வழி திறந்துவிட்டார்கள். எமது ஊர் அறாவட்டிக்காரர் இதைக் கேட்டிருந்தால், தாம் பிழையான நாட்டிற் பிறந்துவிட்டதாக வருந்தியிருப்பார்.

பதினான்காம் நாள் அந்த 570 டொலரும் வங்கிக் கணக்கிலிருந்து ஒரேயடியாகப் போய்விடும். பிறகு வீட்டு வாடகைக்குக் காணாது. பழைய கடனை முற்றாக அடைக்காமல் அதே கடையிற் புதுக் கடன் பெற ஒன்ராறியோ மாகாணச் சட்டம் விடாது. ஆகவே அடைத்த கையோடு மறுபடி வாங்குவது. இல்லையேல் தெருவைக் கடந்து அடுத்த கடைக்குப் போவது. இப்படியே மூன்று கடைகளுக்கு 2,600 டொலர். கடன் அட்டைகளில் ஏற்கெனவே 9,400. ஆக 12,000.

கொம்பனி கூறிய வழி மிக எளியது. கடன் கொடுத்தோருக்கு இனி ஒரு சதமும் கட்டாதே. மாதந்தோறும் 250 டொலரை எம்மிடம் சேர்த்து வை. தொகை திரண்டதும் நாம் பேசிப் பாதியில் முடித்துத் தருகிறோம்.

"எங்கட நாடே 2022 ஏப்ரலிலை வெளிநாட்டுக் கடன் கட்டேலாது எண்டு சொல்லிப்போட்டு, ஆலோசகரை வைச்சுப் பேசினது தானே, மாமா? நான் பேசினால் என்ன?" என்றான்.

நாமும் சிரித்துவிட்டோம். ஆயினும், நாடு கட்டாவிட்டால் அதன் வேலைத்தலத்துக்கு எவரும் தொலைபேசி எடுப்பதில்லை. கட்டாமல் விட்ட நாள் முதல் இவனுக்கு அந்த அழைப்புகள் வரும்; அட்டைகளில் வட்டி ஏறும். கொம்பனி பேசினாலும் கேட்கவேண்டும் என்ற கட்டாயம் கடன் கொடுத்தவர்களுக்குக் கிடையாது.

இவ்வேளையில் அடுத்த அறைக் கதவு திறந்தது. மகள் மடிக்கணினியுடன் வந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்! "அப்பா, முதலே காசு கேட்கக்கூடாது எண்டு சட்டம் இருக்குது" என்றாள். ஒன்ராறியோவில் 2015 ஜூலை முதல் இத்தகைய கொம்பனிகள் முற்கட்டணம் வாங்கலாகாது. ஒப்பந்தம் செய்தவர் பத்து நாளுக்குள் அதை இரத்துச் செய்யலாம். பத்திரத்தைப் புரட்டினோம். நாலாம் பக்கத்திலே 'கோப்புத் திறக்கும் செலவு' என்ற பெயரில் 400 டொலர் இருந்தது. இன்னொன்றையும் அவள் கண்டுபிடித்தாள்: ஒரே கடையில் 63 நாளுக்குள் மூன்று முறை கடன் பெற்றவனுக்கு, அதைத் தவணை தவணையாகக் கட்ட அக்கடை இடங்கொடுக்கவேண்டும்.

மூன்று முறை வாங்கினானா என்று பார்க்கவே அவனுடைய குறிப்புப் புத்தகத்தை எடுத்தோம். முதற் கடன் மார்ச் மாதம், 500 டொலர். அதற்கு எதிரே எழுதியிருந்தது: 'மாமா வீட்டு ஓடு.'

அந்த ஓட்டின் கீழே நாம் மூன்று மாதம் நிம்மதியாக உறங்கினோம். கேட்டதும் நாமே, மழைக்கு முன் அனுப்பினால் நல்லது என்று எழுதியதும் நாமே. அவனைப் பார்க்க முடியவில்லை. அவனோ, "அது பரவாயில்லை, மாமா" என்று எமக்கு ஆறுதல் சொன்னான்.

எம் தகப்பனார் காலத்தில், ஊரில் ஒருவன் கடனில் மூழ்கினால் இனத்தவரில் மூத்தவர் ஒருவர் அவனை அழைத்துப்போய்க் கடன் கொடுத்தவரின் திண்ணையில் அமர்வார். வெற்றிலைத் தட்டு வரும். எழும்பும்போது வட்டியிற் பாதி குறைந்திருக்கும். கட்டணம் கிடையாது, ஆனால் மறுநாள் ஊர் முழுவதும் அறிந்துவிடும். மருமகன் கொம்பனியை நாடியதற்குக் காரணம் இந்தப் பின்பாதிதான். மனைவிக்குக்கூட அவன் சொல்லவில்லை.

மறுவாரம், அரசாங்க அனுமதி பெற்ற வங்குரோத்துப் பொறுப்பாளர் ஒருவரிடம் போனோம். முதற் சந்திப்புக்குக் கட்டணம் இல்லை. சட்டப்படி ஒரு முன்மொழிவு வைக்கலாம், தொகைக் கணக்கிற் பெரும்பான்மையோர் இணங்கினால் ஈடில்லாக் கடன் கொடுத்த ஏனையோரையும் அது கட்டுப்படுத்தும், வட்டி நிற்கும், ஐந்து ஆண்டுக்கு மேற்படாத காலத்திற் கட்டி முடிக்கலாம் என்றார். தம் கூலியும் அத்தவணைகளுக்குள்ளேயே அடங்கும் என்றார். கடன் பதிவேட்டில் அது ஒரு கறையாகச் சில ஆண்டு நிற்கும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. கொம்பனிப் பத்திரத்தில் அப்படி ஒரு வரியும் இருக்கவில்லை.

அன்றிரவு அவன் மனைவியிடம் சொன்னான். அவள் அழவில்லை. "அந்த முதல் கடனை எனக்குச் சொல்லியிருந்தால் சீட்டுக் காசிலை எடுத்துத் தந்திருப்பனே" என்று மட்டும் சொல்லி, எமக்குத் தேநீர் ஊற்றினாள். பத்திரம் கையெழுத்தின்றித் திரும்பிப் போயிற்று. முன்மொழிவு இலையுதிர் காலத்தில் நிறைவேறியது.

நாம் ஊர் திரும்பிய அடுத்த மாதம் வழக்கம்போல் அவனிடமிருந்து நூறு டொலர் வந்தது. அதைத் திருப்பி அனுப்ப வழி கேட்டு வங்கிக்குப் போனோம். அங்கிருந்த பிள்ளை எம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நிரப்புவதற்கென ஒரு படிவத்தைத் தந்தாள். 'பணம் அனுப்புவதன் காரணம்' என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.