அரைஞாண் கயிற்றில் ஒரு சாவி

எங்கள் வீட்டில் என்னைவிட வயதில் மூத்த துப்பாக்கி ஒன்று இருந்தது.

தாத்தா வாங்கியது. ரெட்டைக் குழல். அழகர்மலை அடிவாரத்தில் எங்கள் கடலைக்காட்டுக்கு வரும் காட்டுப்பன்றிகளை விரட்டத்தான் லைசென்ஸ். எந்தப் பன்றியையும் சுட்டதாகச் சரித்திரம் இல்லை. ஒரு சத்தம் கேட்டால் பன்றி ஓடும். கூடவே எங்கள் நாயும் ஓடும். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடும். ரிசல்ட் வந்து சில நாள் கழித்துத் திரும்பி வரும், பிரசவத்துக்குத் தாய் வீடு போன பெண் மாதிரி.

மற்ற நாளெல்லாம் பீரோவுக்குள் தூக்கம். பீரோ சாவி முன்பு சாமி படத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். கொஞ்ச வருஷமாக அது அப்பாவின் அரைஞாண் கயிற்றுக்குக் குடிபோய்விட்டது. குளிக்கும்போதுகூட அவிழ்ப்பதில்லை.

"என்னப்பா, உள்ள வைரமா வச்சிருக்கீக?" என்று கேலி செய்வேன். சிரிக்க மாட்டார்.

போன தை மாசம் அப்பாவுக்கு 70 முடிந்தது. "இனிமே ராத்திரியில பரண் ஏறி உக்கார முடியாதுடா. உன் பேருக்கு மாத்திக்க" என்றார்.

சட்டத்திலும் அதற்கு வழி இருக்கிறது. 2016 ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ்தாரருக்கு 70 வயதானாலோ, 25 வருஷம் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். வாரிசுக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். எனக்கு 34. வயதில் பிரச்னையில்லை.

போட்டோ, வயதுச் சான்று, பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்று உறுதிமொழி... எல்லாம் சரி. கூடவே எஸ்-3 என்று ஒரு படிவம். இவர் உடலாலும் மனதாலும் தகுதியானவர், போதைக்கு அடிமையில்லை என்று எம்.பி.பி.எஸ். டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும்.

'மனதாலும்' என்ற இடத்தில் என் பேனா நின்றுவிட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்கு வேலை போயிற்று. கடன். ராத்திரி தூக்கம் கிடையாது. மதுரையில் ஒரு மனநல டாக்டரம்மாவிடம் போனேன். மாத்திரை கொடுத்தார். வீட்டில் தெரியக்கூடாது என்று அதை பி காம்ப்ளெக்ஸ் டப்பாவில் போட்டு வைத்தேன். புது வேலை கிடைத்த பிறகும் மாசம் ஒரு நாள் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆபீஸில் 'பல்வலி' என்று பர்மிஷன் எழுதிக் கொடுப்பேன். கணக்குப் பார்த்தால் என் வாயில் வலிக்காத பல் பாக்கியில்லை.

விஷயம் முழுசாகத் தெரியாத ஆபீஸ் நண்பர் யோசனை சொன்னார்: "ஏதாவது ஒரு கிளினிக்குக்குப் போங்க ஸார். நாக்கை நீட்டுன்னுவார், நீட்டுங்க. கையெழுத்துப் போட்டுருவார்."

போனேன். சாயங்கால நேரம், ஹால் முழுக்கக் கூட்டம். என் சீட்டை வாங்கிப் பார்த்த கம்பவுண்டர், மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற குரலில் கேட்டார்:

"யாருங்க அது, துப்பாக்கிக்கு மெண்டல் சர்டிபிகேட் கேட்டது?"

ஹால் மொத்தமும் திரும்பியது. பக்கத்தில் இருந்த பெரியவர் பேரனைத் தூக்கிக்கொண்டு எதிர் பெஞ்சுக்கு மாறினார். "நான் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மறுநாள் எங்கள் ஊர் டீக்கடையில், "என்ன மாப்ளே, துப்பாக்கி வாங்கப் போறியாம்ல? பாத்துப் பேசணும் போல!" ஒன்றுமில்லாததற்கே இந்த வரவேற்பு. மாத்திரை விவரம் தெரிந்திருந்தால்?

வேறு வழியில்லை. டாக்டரம்மாவிடமே போனேன். அவர் முதலில் செய்த காரியம், எழுந்து கதவைச் சாத்தியது.

"பயப்படாதீங்க தம்பி. 2017 மனநலச் சட்டம் 23-வது பிரிவுப்படி உங்க சிகிச்சை விவரம் ரகசியம். மாத்திரை சாப்பிட்டார்ங்கிற ஒரே காரணத்துக்காக யாரையும் சித்தசுவாதீனம் இல்லாதவர்னு சொல்லிட முடியாது. அதை கோர்ட்தான் சொல்லணும். படிவம் கேக்குறது தகுதி உண்டா இல்லையாங்கிறதை. உங்க கதையை அல்ல."

"அப்ப கையெழுத்துப் போட்டுருவீங்களா மேடம்?"

பேனாவைக் கீழே வைத்தார்.

"முதல் முதலா வந்தப்ப ஒரு ராத்திரி பத்திச் சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. பீரோ எதிரே விடிய விடிய உட்கார்ந்திருந்த ராத்திரி. உலகத்தில் அவர் ஒருவரிடம்தான் சொல்லியிருந்தேன். கதவு சாத்தியிருந்ததால் சொன்னேன்.

"இப்ப நல்லா இருக்கீங்க. ஆனா மாத்திரை நிறுத்தி நாலு மாசம்தான் ஆகுது. ஒரு வருஷம் போகட்டும், திரும்பப் பாக்கலாம். இப்ப நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஏன் போடலைன்னு யாருக்கும் சொல்லவும் மாட்டேன். ராத்திரியில மனசு சரியில்லைன்னா 14416-க்கு போன் பண்ணுங்க. எந்நேரமும் எடுப்பாங்க."

பஸ்ஸில் வரும்போது கோபமாக வந்தது. பாதி வழியில் கோபம் போய் வேறு ஒன்று புரிந்தது. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரி, நாகாலாந்து டாக்டர் ஒருவரின் ரத்தப் பரிசோதனை முடிவை வெளியே சொல்லி, அவர் கல்யாணம் நின்றுபோன வழக்கு ஒன்று உண்டு. 1998-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது: நோயாளியின் ரகசியம் காக்கப்பட வேண்டியதுதான், ஆனால் இன்னொருவர் உயிருக்கு ஆபத்து என்றால் அதற்கு ஓர் எல்லை உண்டு. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். இரண்டையும் அந்த டாக்டரம்மா ஒரே மேஜையில் காப்பாற்றிவிட்டார். ரகசியத்தை விற்கவில்லை, பொய்க்கும் கையெழுத்துப் போடவில்லை. கம்பவுண்டர் மாதிரி எல்லோரும் கூவினால், பீரோ எதிரே உட்காருகிற அடுத்த ஆள் எந்த டாக்டரிடம் வாயைத் திறப்பான்? வாயைத் திறக்காதவனுக்குத்தான் எஸ்-3 சுலபமாகக் கிடைக்கும். ஆபத்து அங்கேதான்.

வீட்டுக்கு வந்து, "இப்ப வேணாம்ப்பா" என்றேன். காரணம் தயாராக வைத்திருந்தேன், ஆபீஸ் வேலை என்று.

அப்பா காரணம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார்.

"பி காம்ப்ளெக்ஸ் மாத்திரைன்னா மூடியைத் தொறந்தாலே ஒரு வாடை அடிக்கும்டா. உன்னோடதுல அடிக்கல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அன்னைக்கித்தான் சாவியை எடுத்து இடுப்புல கட்டினேன். நீ திரும்பச் சிரிச்சுப் பேச ஆரம்பிச்ச பிறகுதான் பேர் மாத்தச் சொன்னேன். வேணாம்னா வேணாம்."

மூன்று வருஷம்! அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. மனநலச் சட்டத்தின் 23-வது பிரிவை எங்கப்பா படித்ததில்லை.

அடுத்த வாரமே துப்பாக்கியை லைசென்ஸ் உள்ள டீலரிடம் ஒப்படைத்து ரசீது வாங்கி வந்தார். பீரோ சாவி மறுபடி சாமி படத்து ஆணிக்கு வந்துவிட்டது.

பன்றி வந்தால் இப்போது தகர டின்னைத் தட்டுகிறோம். நாய் அதற்கும் ஓடுகிறது.