நாலாவது பீரியட்

பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. எருத்தேம்பதிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். சன்னலுக்கு வெளியே தென்னந்தோப்பு. தோப்பைத் தாண்டினால் தமிழ்நாடு.

ஏழாம் வகுப்பு, தமிழ் மீடியம். நாலாவது பீரியட், கணக்கு. புத்தகம் தமிழில், கேரள அரசு அச்சடித்தது. ஆசிரியரை இங்கே மாஷ் என்பார்கள். மாஷின் பேச்சு மலையாளத்தில். ஜூனில் மாற்றலாகி வந்தவர். ஒவ்வொரு பாடத்தின் தலைப்புக்கும் மேலே அதன் மலையாளப் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்.

பலகையைப் பார்த்தபடியே எழுதுகிறார். நிறைந்ததும் திரும்புகிறார்.

"மனஸிலாயோ?" புரிந்ததா என்று கேட்கிறார்.

"ஆயி மாஷே." வகுப்பு முழுக்க ஒரே சுருதி.

பலகை அழிகிறது. மறுபடி நிறைகிறது. மறுபடி கேள்வி. மறுபடி "ஆயி".

மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் ரப்பரைக் காம்பஸ் முனையால் குத்துகிறான். துளைகள் சம இடைவெளியில் விழுகின்றன. அளவில் பிழையில்லை.

ஒருவன் கை தூக்குகிறான். பாத்ரூம். இன்னொருவன். அவனுக்கும் பாத்ரூம். சன்னலோரப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள். அவளுக்கு டெஸ்ட் பேப்பர் தரும் நாள்களில் வயிறு வலிக்கும்.

இன்று டெஸ்ட் பேப்பர். மாஷ் மதிப்பெண்களை உரக்க வாசிக்கிறார். குறைந்த மதிப்பெண்ணிலிருந்து தொடங்குகிறார். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடிக்கவும் கூடாது, மனத்தை வதைக்கவும் கூடாது என்கிறது. மேசையில் பிரம்பு இல்லை.

பெல் அடிக்க இரண்டு நிமிடம். பைகள் ஏற்கெனவே தோளில்.

பள்ளிச் சமையலறையான கஞ்சிப்புரை வாசலில் சோறும் பயறும். வயிற்று வலிக்காரி இரண்டாம் முறை தட்டை நீட்டுகிறாள். அவள் பேச்சு நிற்கவில்லை.

இடுக்கி மாவட்டம், தேவிகுளம் தாலுகா. தேயிலைத் தொழிலாளர் லயங்களுக்கு மேலே ஓர் எல்.பி. பள்ளி. மூன்றும் நாலும் ஒரே அறையில். இங்கேயும் நாலாவது பீரியட், இங்கேயும் கணக்கு. மழை கூரையில் கொட்டுகிறது. பாடம் காதில் விழவில்லை.

சார் தினக்கூலி ஆசிரியர். ட்ரிப் ஜீப்பில் தொங்கிக்கொண்டு வந்ததில் ஒரு தோள் மட்டும் ஈரம். புத்தகத்தை மூடுகிறார். பலகையில் ஒரு கூடை வரைகிறார்.

"அம்மா எத்தனை கிலோ எடுக்கணும்?"

வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் அளவைச் சொல்கிறது. மழை தோற்கிறது.

அதற்கு மேல் எடுத்தால் கிலோவுக்குத் தனிக் காசு. யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் கேட்டு மூணாறு சாலையில் உட்கார்ந்த பெண்கள் இப்படிப்பட்ட லயங்களிலிருந்துதான் போனார்கள். சதவீதம் மூன்றாம் வகுப்புப் பாடத்தில் இல்லை. போனஸ் வீட்டில் உண்டு.

ஒரு பையன் விடை சொல்கிறான். தப்பு. சார் அதையே பலகையில் எழுதுகிறார். "எப்படி வந்துச்சு? செஞ்சு காட்டு." சாக்பீஸ் கை மாறுகிறது. பின்னால் ஒரு சிரிப்பு. சார் சிரித்தவனைப் பார்க்கவில்லை, பலகையையே பார்க்கிறார். சிரிப்பு தானாக அடங்குகிறது. பையன் கூட்டுகிறான், நிற்கிறான், சட்டைக் கையால் ஓர் இலக்கத்தை அழிக்கிறான்.

"மிச்சத்த மறந்துட்டேன் சார்."

"நானும் மறப்பேன்."

ஓரத்தில் ஒரு சிறுமி தலை கவிழ்ந்திருக்கிறாள். சார் அருகில் போய்க் குனிகிறார். "காலைல என்ன சாப்பிட்ட?" பதில் இல்லை. மேசை டிராயர் திறக்கிறது. பிஸ்கட் பாக்கெட், ஏற்கெனவே பிரித்தது.

பெல்.

"சார், எங்கம்மா கூடை இன்னும் போடல!"

மார்ச் கடைசி வாரம். அதே பள்ளியின் ஆபீஸ் அறை. கொழுந்துச் சாக்கைக் கட்டிய இடுப்போடு ஓர் அம்மா வாசலில் நிற்கிறார்.

"அந்த சார் ஜூன்ல வருவாங்களா சார்?"

"தினக்கூலி வேலை இந்த மாசத்தோட முடியுதும்மா. ஜூன்ல இன்டர்வியூ வைப்போம். அவரும் வரலாம்."

"அவரையே போடுங்க சார். எம்புள்ள இப்ப காலைல அவனே எந்திரிக்கிறான்."

ஹெச்.எம். தலையாட்டுகிறார். மேசையில் அந்த சாரின் பிப்ரவரிச் சம்பள பில். இன்னும் கையெழுத்தாகவில்லை.